பேசாத பிள்ளையைக் கதையில் எழுதுவது எப்படி

இளையோரைப் பற்றிய கதைகளில் பேசாத பிள்ளை ஒன்று அடிக்கடி வருகிறது. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் அசைக்கும், யாருக்கும் தெரியாத ஒன்றை மனத்துக்குள் பூட்டி வைத்திருக்கும். கடைசி அத்தியாயத்தில் அந்தப் பிள்ளை எழுந்து நின்று ஒன்றரைப் பக்கத்துக்குப் பேசும், கேட்பவர்கள் கண்கலங்குவார்கள், கதை முடியும். இப்படி எழுதப்படும் கதைகளில் இரண்டு குறைகளைத் தொடர்ந்து காண்கிறேன். முதலாவது, பிள்ளை பேசாமல் போனதற்கு ஒரு சம்பவம் சொல்லப்படுகிறதே தவிர, அந்தச் சம்பவத்திலிருந்து ‘இனிப் பேசக் கூடாது’ என்ற முடிவுக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்பது சொல்லப்படுவதில்லை. இரண்டாவது, இறுதியில் ஒலிக்கும் குரல் அந்தப் பிள்ளையின் வயதுக்கும் ஊருக்கும் உரியதாக இல்லாமல், எழுதியவரின் மேடைப் பேச்சாக இருக்கிறது.

இவ்விரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் எண்ணம். குரல் என்பது ஒருவருக்குள் முழுமையாக உருவாகிக் காத்திருக்கிறது, தைரியம் வந்ததும் அது வெளியே வந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை பிறந்த பிறகே பெரும்பாலும் சொல்லே உருவாகிறது. ஆகவே பேசாத பிள்ளையை எழுத விரும்புகிறவர், அந்தப் பிள்ளையைச் சுற்றியிருக்கும் காதுகளை எழுதக் கற்க வேண்டும். 12 வயது முதல் 18 வயது வரையிலான பாத்திரங்களை மையமாக வைத்துச் சிறுகதையோ நாவலோ எழுத முற்படுவோருக்காக, அதற்கான வழிகளைக் கீழே சொல்கிறேன்.

மௌனத்துக்குள் இருக்கும் கணக்கு

அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ 1969-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், தம் சிறுவயது மௌனத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏறக்குறைய எட்டு வயதில், தாயுடன் வாழ்ந்த மனிதனால் அவர் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அதைத் தம் அண்ணனிடம் சொன்னார். வழக்கு நடந்தது; அந்த மனிதன் விரைவிலேயே வெளியே வந்தான்; வந்தவுடன் கொல்லப்பட்டான். சிறுமி மாயா அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்: என் வாயிலிருந்து வந்த சொல் ஒருவனைக் கொன்றுவிட்டது, இனி நான் பேசினால் வேறு யாரேனும் சாகக்கூடும். அதன் பிறகு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள், அண்ணனைத் தவிர வேறு எவரிடமும் அவர் பேசவில்லை.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் இதை அதிர்ச்சி என்றோ பிடிவாதம் என்றோ சொல்லியிருப்பார்கள். உள்ளே இருந்து பார்த்தால் அது ஒரு குழந்தையின் பொறுப்புணர்வு. மற்றவர்களைக் காப்பதற்காகத் தன் வாயைக் கட்டிக்கொண்ட செயல். அந்த முடிவு தவறானதாக இருக்கலாம், ஆனால் அதற்குள் ஒரு நேரான தர்க்கம் இருக்கிறது. உங்கள் பாத்திரத்தின் மௌனத்திலும் அப்படி ஒரு தர்க்கத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அரூரை அடுத்த கிராமம் ஒன்றில் எட்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த கோபிகா, ஒன்பதாம் வகுப்புக்குத் தருமபுரியில் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கப்படுகிறாள். அப்பா குட்டியானை ஓட்டுகிறார். பள்ளிக் கட்டணத்துக்காக வட்டிக்குப் பணம் வாங்கியிருக்கிறார். முதல் வாரத்தில் ஆங்கிலப் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னபோது அவள் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தாள். வகுப்பு சிரித்தது; ஆசிரியரும் புன்னகைத்துவிட்டார். அன்றிலிருந்து பள்ளியில் அவள் வாய் திறப்பதில்லை.

‘கேலி செய்தார்கள், அதனால் பேசவில்லை’ என்று இங்கேயே நிறுத்திவிட்டால் நம்மிடம் இருப்பது ஒரு சம்பவம் மட்டுமே. கோபிகாவின் கணக்கு அதைவிட நீளமானது. பேசினால் தப்பு வரும். தப்பு வந்தால் மிஸ் அப்பாவை வரச் சொல்வார். அப்பா ஒரு நாள் வாடகையை விட்டுவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வாங்கிய கடன் வீண்தானோ என்று அன்று இரவு அம்மாவிடம் கேட்பார். பேசாமலிருந்தால் இவற்றில் எதுவும் நடக்காது, கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இந்தக் கணக்கு நமக்குத் தெரிந்த பிறகு, கோபிகா பரிதாபத்துக்குரிய சிறுமியாக மட்டும் இருப்பதில்லை. அவள் ஒரு குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள்.

எழுதத் தொடங்குமுன் ஒரு பயிற்சியைச் செய்து பாருங்கள். உங்கள் பாத்திரம் தனக்குத் தானே பேசிக்கொள்வதாக, அதன் பேச்சுமொழியிலேயே, “நான் சொன்னா என்ன ஆகும்னா” என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதுங்கள். சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கே இன்னொரு ‘அப்புறம்’ சேர்த்துத் தொடருங்கள். இந்தப் பக்கம் கதைக்குள் வரக் கூடாது. அது உங்களுக்கு மட்டும் உரியது. ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் பிள்ளை எப்போது வாயைத் திறக்கப் போய் மூடிக்கொள்ளும் என்பதை அந்தப் பக்கமே உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்.

யாரிடம் மௌனம், யாரிடம் பேச்சு

முழுக்க ஊமையாக இருக்கும் பிள்ளைகள் மிக அரிது. பள்ளியில் வாய் திறக்காத பெண் வீட்டில் தம்பியை அதட்டுவாள், ஆட்டுக்குட்டியிடம் பேசுவாள், குளியலறையில் பாடுவாள். மாயாவுக்கு அண்ணன் இருந்ததைப் போல, உங்கள் பாத்திரத்துக்கும் ஓர் இடமோ ஆளோ இருந்தே தீர வேண்டும். கோபிகா சாயங்காலம் தம்பியை மாணவனாக உட்கார வைத்து, அன்று வகுப்பில் தான் வாசிக்க மறுத்த அதே பாடத்தைக் குச்சியோடு நின்று உரக்க நடத்துகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு காட்சி, அவளுக்குக் குரல் இல்லை என்ற எண்ணத்தை வாசகரிடமிருந்து முற்றிலும் எடுத்துவிடுகிறது. இருக்கிற குரல் ஏன் பள்ளி வாசலில் நின்றுவிடுகிறது என்ற கேள்விதான் மிஞ்சும், கதையை நகர்த்தும் கேள்வியும் அதுதான்.

ஒரு தாளில் பாத்திரத்தின் வாழ்க்கையில் உள்ள எல்லோரையும் எழுதி, ஒவ்வொருவரிடமும் எதைப் பேசும், எதைப் பேசாது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் பணத்தைப் பற்றிப் பேசாது, பாட்டியிடம் பேசும். பாட்டியிடம் பள்ளியைப் பற்றிப் பேசாது, ஏனென்றால் பாட்டி அதை அடுத்த வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இங்கே மருத்துவம் சார்ந்த ஓர் எச்சரிக்கையும் தேவை. வீட்டில் இயல்பாகப் பேசும் குழந்தை பள்ளி போன்ற இடங்களில் பேச முடியாமல் போகும் நிலை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதை ‘செலக்டிவ் மியூட்டிசம்’ என்கிறார்கள். 1877-இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மவுல் இதைப் பதிவு செய்தபோது, குழந்தை தானே விரும்பிப் பேசாமலிருப்பதாகப் பொருள்படும் பெயரைக் கொடுத்தார். அந்தப் பார்வை மாற வெகுகாலம் ஆயிற்று. மனநலக் கோளாறுகளை வரையறுக்க அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, 2013-இல், இதைப் பதற்றக் கோளாறுகளின் வரிசையில் வைத்தது. குறைந்தது ஒரு மாதம் இந்நிலை நீடிக்க வேண்டும், பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது, அங்கே பேசப்படும் மொழி சரியாகத் தெரியாததால் வந்த மௌனத்தை இதில் சேர்க்கக் கூடாது என்று அது வரையறுக்கிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. இந்த வரையறைப்படி கோபிகாவுக்கு இருப்பது இந்தக் கோளாறு இல்லை. நோயின் பெயர் வந்தவுடன் அப்பாவின் கடனும் வகுப்பின் சிரிப்பும் கதையிலிருந்து மறைந்துவிடும் என்பதால், தேவையில்லாத இடத்தில் அந்தப் பெயரைப் பயன்படுத்தாதீர்கள். உண்மையிலேயே அந்நிலை உள்ள குழந்தையை எழுதுவதாக இருந்தால், நிறையப் படித்து, அத்தகைய குழந்தைகளோடு பணியாற்றுவோரிடம் பேசிய பின் எழுதுங்கள்.

எந்தத் தமிழில் சொல்வது

பேசாத பிள்ளையைத் தன்மையில், அதாவது அதுவே ‘நான்’ என்று சொல்வதாக, எழுதினால் ஓர் அரிய வாய்ப்புக் கிடைக்கிறது. லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் 1999-இல் எழுதிய ‘ஸ்பீக்’ என்ற அமெரிக்க நாவலில், மெலிண்டா என்னும் உயர்நிலைப் பள்ளி மாணவி வெளியே ஓரிரு சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. ஆனால் கதை முழுவதையும் அவளே கூர்மையோடும் நகைச்சுவையோடும் நமக்குச் சொல்கிறாள். ஊருக்குக் கேட்காத குரல் வாசகருக்கு முதல் பக்கத்திலிருந்தே கேட்கிறது. அதாவது அவளுக்குக் கிடைத்த முதல் காது வாசகருடையது. தன்மைக் கதைசொல்லலின் பயன் இதுதான் என்பதால், உள்குரலை வெளிப்பேச்சைப் போலவே தயங்கித் தயங்கி எழுதுவது அந்த வாய்ப்பை வீணாக்குவதாகும்.

தமிழில் எழுதுகிறவருக்கு இதற்கு மேலும் ஒரு தேர்வு இருக்கிறது. உரையாடல் பேச்சுத்தமிழிலும் விவரிப்பு எழுத்துத்தமிழிலும் வருவது நம் வழக்கம். பதினான்கு வயதுப் பெண்ணின் மனம் எழுத்துத்தமிழில் ஓடுமா? கோபிகாவைப் பொறுத்தவரை ஆங்கிலம் அவளைக் கேலிக்கு ஆளாக்கிய மொழி, எழுத்துத்தமிழ் பாடநூலின் மொழி. அவள் தடையின்றி இருப்பது வீட்டுப் பேச்சில் மட்டுமே. ஆகவே அவள் உள்குரலை அந்தப் பேச்சிலேயே எழுதுவது பொருத்தம் என்பேன். 1992-இல் வெளிவந்த, தலித் எழுத்தாளர் பாமாவின் ‘கருக்கு’ தன் மக்களின் பேச்சுமொழியிலேயே முழுமையாக ஓர் உரைநடையைக் கட்டிக் காட்டியது. ஆனால் பேச்சுத்தமிழை எழுதும்போது ஒலியைப் படியெடுப்பதிலேயே கவனம் முழுவதையும் செலவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் உடைத்து வைத்தால் வாசகர் எழுத்துக்கூட்டி வாசிக்க நேரிடும். சொற்றொடரின் ஓட்டமும் ஊருக்கே உரிய சில சொற்களும் போதும்.

மூன்றாமிடத்தில் எழுதுவோருக்குத் தமிழின் வினைகள் துணை நிற்கின்றன. ‘அவள் பேசவில்லை’ என்றால் செய்யாதது அவள். ‘அவளுக்குப் பேச்சு வரவில்லை’ என்றால் அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை, வராதது பேச்சு. தொடக்க அத்தியாயங்களில் ‘தோன்றியது, வந்தது, போலிருந்தது, முடியவில்லை’ என்று எல்லாம் அவளுக்கு நேர்பவையாகவே இருக்கட்டும். நடுவில் எங்கோ அவள் எழுவாயாகி ‘வைத்தாள், மறுத்தாள், திருப்பிக் கொடுத்தாள்’ என்று வினைகளை ஏற்கட்டும். பேசாமலிருக்கும்போதே ஒரு பெண் தன் வாக்கியங்களுக்கு உரிமையாளராக மாறிவிட முடியும். வாசகர் இதைக் கவனிக்காமலே உணர்வார்.

உடலைக் கொண்டு எழுதுதல்

‘அங்கே மௌனம் நிலவியது’ என்று எழுதுவதை அறவே விட்டுவிடுங்கள். வரிக்கு வரி முப்புள்ளி வைப்பதையும் விடுங்கள். மௌனம் கதையில் இருக்க வேண்டுமானால் அந்த நேரத்தில் கைகள் எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும்.

இதில் நமக்குத் தொல்காப்பியத்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை. மனத்தில் உள்ளது உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் அதன் மெய்ப்பாட்டியல் அச்சம், அழுகை, வெகுளி என்று எட்டுப் பொதுப்பெயர்களைச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. காதல் கொண்ட பெண்ணின் மனத்தை அவள் வாயால் சொல்ல வைக்காமல், நெற்றி வியர்த்தல், எழும் சிரிப்பை மறைத்தல், கூந்தலை அவிழ்த்தல், ஒரு காதின் அணியைக் கழற்றுதல், அணிகளைத் தடவிப் பார்த்தல், உடையைத் திரும்பத் திரும்பத் திருத்தி உடுத்தல் என்று செயல்களாக அடுக்குகிறது. இவை எல்லாம் கண்ணால் காணக்கூடியவை, எந்தப் பெண்ணும் நாள்தோறும் செய்யக்கூடியவை. சாதாரணச் செயலாக இருப்பதால்தான் பார்ப்பவர் சிலர் அதைப் படிக்கிறார்கள், சிலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் பாத்திரத்துக்கென்று அப்படிச் சில செயல்களைத் தேர்ந்தெடுங்கள். நடுங்கும் உதடு, கலங்கும் கண், இறுகும் முஷ்டி ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை என்பதால் அவை எவரையும் காட்டுவதில்லை. கோபிகா, வருகைப் பதிவின்போது ‘பிரசண்ட் மிஸ்’ என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்காகத் தன் பெயருக்கு முந்தைய பெயர் கூப்பிடப்படும்போதே கையை உயர்த்திவிடுகிறாள். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்பதற்காகப் பாட்டிலை நிரம்பியபடியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறாள். பாட்டிலை வாங்கிப் பார்க்கும் அம்மா அதைக் கண்டு என்ன நினைக்கிறாள் என்பது உங்கள் கதையின் முக்கியமான காட்சியாக அமையலாம். பேசாமலிருப்பதற்கு ஒரு பிள்ளை நாள்தோறும் எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்பது இத்தகைய விவரங்களால்தான் தெரியும்.

வாயை அடைப்பவர்களின் பேச்சு

கொடுமைக்காரர்கள் மட்டுமே பிள்ளைகளின் வாயை அடைக்கிறார்கள் என்று எழுதுவது எளிது. “பெரியவங்க பேசறப்ப உனக்கென்ன வாய்?” என்று அதட்டும் மாமா எல்லாக் கதையிலும் இருக்கிறார். அவரைவிட ஆழமாக அடைப்பவர்கள் அன்பானவர்கள். பிள்ளை ஏதோ சொல்ல வந்து நிற்கும்போது “சாப்பிட்டியா கண்ணு? முதல்ல சாப்பிடு” என்கிறாள் அம்மா. “அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லா படிக்கிற பொண்ணு நீ” என்கிறார் அப்பா. பக்கத்து வீட்டு அக்கா, “எங்களுக்கு இல்லாததா, போகப் போகச் சரியாயிடும்” என்கிறாள். இவர்களில் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. ஒவ்வொருவரும் பிள்ளையைத் தேற்றுகிறார்கள். ஒவ்வொரு தேற்றலிலும் பிள்ளை சொல்ல வந்த வாக்கியம் ஒரு படி உள்ளே போகிறது. இந்த உரையாடல்களை எழுதும்போது பெரியவர்களின் பக்கத்து நியாயத்தையும் அன்பையும் குறைக்காதீர்கள். அம்மாவைக் கல்நெஞ்சக்காரியாக்கிவிட்டால், பிள்ளை ஏன் அவளிடம் சொல்லவில்லை என்ற கேள்விக்கு விடை மிக மலிவாகக் கிடைத்துவிடும்.

கேட்பவரை உருவாக்குதல்

கதையின் பாரத்தைத் தாங்கும் இடம் இது. உங்கள் பிள்ளை யாரிடம், எதனால் சொல்கிறது?

நம் அகமரபு இந்தக் கேள்வியை வெகுகாலம் முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. களவில், அதாவது மணத்துக்கு முன் பிறர் அறியாமல், காதல் கொண்ட பெண் அதை வீட்டாரிடம் நேரே சொல்லிவிட முடியாது. தலைவி தோழிக்கும், தோழி வளர்ப்புத் தாயான செவிலிக்கும், செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் அறிவிப்பதாக அமைந்த அந்த வரிசைக்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்டது. மகளின் மெலிவுக்குக் காரணம் தெரியாமல் கலங்கும் செவிலியிடம் தோழி பேசுவதாகவே அது முழுவதும் அமைந்திருக்கிறது. தலைவி அங்கே தாயிடம் நேரடியாகப் பேசுவதில்லை. அவள் உண்மை வீட்டை அடைய ஒவ்வொரு படியிலும் ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் எப்போது சொல்வது, எதை முதலில் சொல்வது, கேட்பவர் சினம் கொள்ளாமல் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறார்.

இன்றைய கதைக்கும் இந்த அமைப்பு உதவும். பிள்ளை நேராகத் தலைமையாசிரியரிடமோ காவல் நிலையத்திலோ போய்ச் சொல்வதற்கு முன், இடையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு கையிலும் செய்தி சற்று மாறும். ஒருவர் குறைப்பார், ஒருவர் கூட்டுவார், ஒருவர் தன் பயத்தை அதில் சேர்ப்பார். பிள்ளை சொன்னதற்கும் கடைசி ஆள் கேட்டதற்கும் இடையே விழும் தூரத்தில் முழு நாவலையே வைக்கலாம்.

கேட்பவர் எப்படிக் கேட்கிறார் என்பது ஒரு வாழ்க்கையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஜெயகாந்தனின் இரு படைப்புகளைப் போன்ற சான்று வேறு இல்லை. 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழை நாளில் அறிமுகமில்லாதவன் காரில் ஏறிக் கெடுக்கப்பட்ட கல்லூரிப் பெண் வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்கிறாள். தாய் அவள் தலையில் நீரூற்றி, அவள் தூய்மையானவளே என்று ஏற்றுக்கொள்கிறாள். பின்னர் எழுதி, 1972-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அதே சம்பவம் வேறு விதமாகத் திரும்புகிறது. தாய் கூக்குரலிடுகிறாள், ஊருக்குத் தெரிகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான், கங்கா என்ற அந்தப் பெண்ணின் பிற்கால வாழ்க்கை முழுவதும் அந்தக் கணத்திலிருந்து வளர்கிறது. பெண்ணின் சொல் மாறவில்லை. கேட்டவரின் முதல் சில நிமிடங்கள்தாம் மாறின.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. சிறுகதையின் தாய் மகளைக் காப்பாற்றுகிறாள், ஆனால் அந்தக் காப்பு அது வெளியே தெரியக் கூடாது என்பதோடு சேர்ந்தே வருகிறது. அந்தக் காலத்தில் அதுவே பெரிய துணிவு. இன்று எழுதுகிறவர், ஆறுதலும் வாயை அடைக்க முடியும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கதையில் வரும் நல்ல ஆசிரியை, நல்ல அத்தை, நல்ல நண்பன் பிள்ளையை அணைத்துக்கொண்ட பிறகு என்ன கேட்கிறார்கள்? ‘அழாதே’ என்பதோடு நின்றுவிட்டால் அவர்கள் கேட்டு முடிக்கவில்லை. ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிந்தவரே கேட்பவர். அப்படிப்பட்டவர் மீட்பராக வர வேண்டியதில்லை. மாயாவுக்குப் பேச்சு திரும்பி வருவதற்குத் துணையாக இருந்த பெர்த்தா ஃப்ளவர்ஸ் என்ற பெண்மணி அவரிடம் இரகசியத்தைக் கேட்கவில்லை; புத்தகங்களைக் கொடுத்தார், உரக்க வாசிக்கச் சொன்னார். பிறர் சொற்களை வாய்விட்டுச் சொல்லிய பிறகே தன் சொற்கள் வந்தன. உங்கள் பாத்திரம் ஒப்பாரியையோ திரைப்பாட்டையோ வாய்ப்பாட்டையோ முதலில் உரக்கச் சொல்லலாம், அதுவும் குரல்தான்.

முதல் வாக்கியம்

பேச்சு உடையும் காட்சியை எழுதும்போது ஒரு விதி உதவும்: முதலில் வரும் வாக்கியம் சிறியதாகவும், தேவை கருதியதாகவும் இருக்கட்டும், பெரும்பாலும் தன்னைப் பற்றியதாக இல்லாமலிருக்கட்டும். தவிர்க்க வேண்டியது இதைப் போன்றது:

“இத்தனை நாட்களாக நான் மௌனமாக இருந்தேன். என் மொழியைக் கேலி செய்தீர்கள். இனி என் குரலை யாராலும் அடக்க முடியாது!”

இது கோபிகாவுக்குத் தெரிந்த தமிழ் இல்லை. அவளுக்கு எதிரே இருப்பவர்களும் இதைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். இப்படி வைத்துப் பாருங்கள்:

வேன் அக்கா கீழே கிடந்த பையைத் தூக்கினார். புத்தகமெல்லாம் சேறு. “ஒழுங்கா வச்சுக்க மாட்டியாடா?” என்று சின்னவனை அதட்டினார். அவன் அழத் தொடங்கினான். பத்தாம் வகுப்புப் பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அந்தண்ணன்தான் தள்ளிவுட்டாரு” என்றாள் கோபிகா.

எல்லோரும் திரும்பினார்கள். “டேய், இது பேசுதுடா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“யாரு?” என்றார் வேன் அக்கா.

கோபிகா கையைக் காட்டினாள்.

இரண்டே சொற்கள், அதுவும் வீட்டுத் தமிழில். இன்னொரு குழந்தைக்காகச் சொல்லப்பட்டவை. மரியாதை விகுதி மாறாமல் தான் குற்றம் சாட்டுகிறவனையும் ‘அண்ணன்’ என்றே சொல்கிறாள், ஏனென்றால் அப்படித்தான் வளர்ந்திருக்கிறாள். கேலியும் உடனே வருகிறது. பேசியதற்குப் பரிசு கிடைக்கவில்லை. இரண்டாம் கேள்விக்கு அவள் மறுபடி சொல்லைத் தவறவிட்டுக் கையால் பதில் சொல்கிறாள். குரல் ஒரே நாளில் வந்து நிலைத்துவிடுவதில்லை. வரும், பின்வாங்கும், வேறிடத்தில் வரும். தனக்காகப் பேச இன்னும் சில அத்தியாயங்கள் ஆகலாம். அதுவரை வாசகரைக் காக்க வைப்பதற்கு அஞ்சாதீர்கள்.

பேசிய பிறகு நடப்பதற்குப் போதுமான பக்கங்களை ஒதுக்குங்கள். சொன்னதை நம்பாதவர்கள் இருப்பார்கள், நம்பியும் வருத்தப்படுகிறவர்கள் இருப்பார்கள், ‘முதலிலேயே ஏன் சொல்லவில்லை’ என்று பிள்ளையையே குற்றம் சாட்டுகிறவர்களும் இருப்பார்கள். அப்பா உண்மையிலேயே ஒரு நாள் வாடகையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வர வேண்டியிருக்கும். கோபிகா எதற்கு அஞ்சினாளோ அது நடக்கத்தான் வேண்டும். நடந்த பிறகும் வீடு நிற்கிறதா என்பதை அவள் தன் கண்ணால் காண வேண்டும்.

பாலியல் கொடுமை கதையின் பொருளானால்

2007-இல் இந்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்கப்பட்டது, 53.22 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள், அவர்களில் பெரும்பாலோர் அதை எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. உங்கள் வாசகர்களில் பலர் இந்தக் கணக்குக்குள் இருப்பவர்கள் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். கொடுமையை விரிவாகக் காட்ட வேண்டிய தேவை மிக அரிது. அதற்கு முன்பும் பின்பும் உள்ளதே கதை.

சட்டத்தையும் படித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது உங்கள் கதைப்போக்கை மாற்றும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவருக்கும் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தவர் எவராயினும் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. ஆகவே பிள்ளை சொல்வதைக் கேட்ட ஆசிரியை, அதைத் தன்னோடு வைத்துக்கொண்டு பத்து அத்தியாயங்கள் யோசித்துக்கொண்டிருந்தால், அந்த யோசனையே சட்ட மீறல் என்பது கதைக்குள் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை துணை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றிப் பதிவு செய்ய வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணெதிரே இருக்கக் கூடாது. நடைமுறை இதற்கு மாறாக இருப்பதை நீங்கள் எழுதலாம், எழுதவும் வேண்டும்; ஆனால் மாறாக நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்து எழுதப்பட்டிருக்க வேண்டும். உண்மைச் சம்பவத்தைத் தழுவுவதாக இருந்தால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், பள்ளி, குடும்பத் தொழில், உடன்பிறந்தோர் எண்ணிக்கை என்று அந்தப் பிள்ளையை அடையாளம் காட்டும் அனைத்தையும் மாற்றுங்கள்.

வரைவு முடிந்ததும்

முதலில் உரையாடல்களை மட்டும் தனியே எடுத்து வாய்விட்டு வாசியுங்கள். பேசாத பிள்ளையின் வரிகளை நீக்கிவிட்டாலும் மற்றவர்கள் அதனிடம் பேசும் விதத்திலிருந்தே அதை அடையாளம் காண முடிகிறதா என்று பாருங்கள். பிறகு கடைசி அத்தியாயத்தில் பிள்ளை பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இந்தச் சொல் இதற்கு முன் இந்தப் பிள்ளையின் வாயிலோ மனத்திலோ வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வந்திராத சொற்கள் உங்களுடையவை, அவற்றை நீக்குங்கள்.

அதன் பின், பாத்திரத்தின் வயதை ஒத்த இருவர் மூவரிடம், அவர்கள் பெற்றோரின் சம்மதத்துடன், வாசிக்கக் கொடுங்கள். ‘பிடித்ததா’ என்று கேட்காமல், ‘எந்த இடத்தில் இவள் இப்படிச் சொல்ல மாட்டாள் என்று தோன்றியது’ என்று கேளுங்கள். அவர்கள் விடை பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தையும் பெரியவர்களின் பேச்சையும் சுட்டும். வாதாடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசித்தவர்களில் ஒருவர் கதையை விட்டுவிட்டுத் தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கக்கூடும். அப்போது கையெழுத்துப் பிரதியை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் சட்டப்படி நீங்கள் சொல்ல வேண்டியிருக்கலாம், உடைபடும் வாக்கு அந்தப் பிள்ளையை மறுபடி மௌனத்துக்குள் தள்ளும். அடுத்து யாரிடம் சொல்லப் போகிறோம் என்பதை அதனிடமே முன்கூட்டிச் சொல்லுங்கள்; குழந்தைகளுக்கான இலவச உதவி எண்ணான 1098-ஐச் சேர்ந்து அழையுங்கள். அந்தப் பிள்ளை உங்களிடம் சொன்னதை உங்கள் அடுத்த வரைவில் சேர்க்காதீர்கள்.